அண்ணனுக்காக ஜெபிக்கலாமா

நடந்தவை இவை:

1. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தொடங்கும் முன் அம்மா ஜெபக்குறிப்புப் பெட்டியில் ஒரு சீட்டைப் போட்டாள். "என் மகனுக்காக ஜெபிக்கவும்" என்று மட்டும் எழுதி, கீழே தன் பெயரைப் போட்டிருந்தாள்.

2. எங்கள் சபைக்குப் புதிய போதகர் மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. யார் வீட்டில் எத்தனை பேர் என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

3. பிரசங்கம் முடிந்ததும் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஜெபித்தார். அம்மாவின் சீட்டு வந்தபோது, அந்த மகனுக்கு நல்ல சுகமும் நிலையான வேலையும், ஏற்ற காலத்தில் தேவபயமுள்ள ஒரு பெண்ணும் கிடைக்க வேண்டும் என்று மனமுருகிக் கேட்டார்.

4. என் அண்ணன் இறந்து அப்போது பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

5. சபையில் பாதிப் பேர் அவன் அடக்கத்துக்கு வந்தவர்கள். அவர்களில் யாரும் ஆமென் சொல்லவில்லை.

6. அம்மா சொன்னாள். சத்தமாக.

வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஸ்கூட்டியில் திரும்பும்போது கேட்டேன். "ஏம்மா அப்படிப் பண்ண?"

"எப்படிப் பண்ணேன்? ஜெபிக்கச் சொன்னேன்."

"அண்ணனுக்குப் பொண்ணு பாத்துட்டாரு."

பின்னால் அம்மா சிரித்தாள். நிஜமான சிரிப்பு. பிறகு அது நின்றது. கலெக்டர் ஆபீஸ் திருப்பம் வரை அவள் நெற்றி என் முதுகில் அழுந்தியிருந்தது.

எங்கள் சபையில் இறந்தவர்களுக்காக ஜெபிப்பதில்லை. அடக்க ஆராதனையில்கூட, துக்கத்தில் இருக்கும் குடும்பத்தைத் தேற்றும்படிதான் கேட்போம். சவப்பெட்டிக்குள் இருப்பவருக்காக நன்றி சொல்லலாம். எதையும் கேட்கக் கூடாது. அவர் காரியம் கர்த்தரிடம் போய்விட்டது, இனி நாம் பேசி மாற்ற ஒன்றுமில்லை என்பது உபதேசம். ஞாயிறு பள்ளியில் அதை ஒப்பித்திருக்கிறேன். அது ஒருநாள் எனக்கு வலிக்கும் என்று நினைத்ததில்லை.

அன்று மாலை போதகர் வீட்டுக்கு வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருக்கலாம். யாரோ விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"மன்னிச்சிடுங்கம்மா. எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா ஜெபிச்சிருக்க மாட்டீங்க. அதான் சொல்லல."

அவர் டீயைக் கீழே வைத்தார். அம்மாவே தொடர்ந்தாள். "நல்லாதான் ஜெபிச்சீங்க பாஸ்டர். என் புள்ளைக்காக சபையில ஒருத்தர் வாய் தொறந்து பதினாலு மாசம் ஆச்சு."

"சபையில அப்படிச் செய்ய நமக்கு வேதத்துல ஆதாரம் இல்லம்மா."

"ஆதாரம் இருக்குது. நம்ம வேதத்துல இல்ல. அவ்ளோதான்."

அம்மா எழுந்துபோய்ச் சமையலறை அலமாரியிலிருந்து ஒரு கத்தோலிக்க பைபிளை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். அது எங்கள் வீட்டில் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

எனக்கு வந்த அதிர்ச்சியைப் புரிந்துகொள்ள அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணன் செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில், ஒரு கஃபேவில் ரொட்டி சுடுபவனாக இருந்தான். மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள்தான் அங்கே அதிகம் வருவார்கள். ஊருக்குத் திரும்பும்போது சுமக்க முடியாத புத்தகங்களை அங்கே விட்டுப்போவார்கள். அப்படி வந்த ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் அவனைப் பிடித்துக்கொண்டது. பைபிளில் சேர்க்கப்படாத பழைய கிறிஸ்தவ எழுத்துகளின் தொகுப்பு. பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவன் அவன். போனில் அகராதியை வைத்துக்கொண்டு, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, தினம் இரண்டு பக்கம் படித்தான். படித்ததை ராத்திரிச் சாப்பாட்டின்போது எங்களிடம் சொல்வான்.

"ம்மா, இயேசு சாமி அஞ்சு வயசுல களிமண்ணுல குருவி செஞ்சு வெளையாடினாராம். ஓய்வுநாள்ல இன்னா வேலன்னு ஒருத்தன் கேட்டானாம். இவரு கையத் தட்டினாராம். குருவிங்க பறந்துடுச்சாம்."

"யாரு பாத்தா?"

"எழுதினவன்தான்."

"எழுதினவன் யாரு?"

"ஒரு சீஷன் பேரு போட்டிருக்குது."

"பேரு போட்டா ஆயிடுமா? நாளைக்கு நீ ஒண்ணு எழுதி அப்போஸ்தலன்னு கையெழுத்துப் போடு. ரசம் ஊத்திக்கோ."

இன்னொரு நாள் அதே எழுத்திலிருந்து வேறொன்று சொன்னான். தோளில் இடித்துவிட்டு ஓடிய ஒரு பையனைக் குழந்தை இயேசு சபிக்க, அவன் அங்கேயே விழுந்து செத்துப்போகிறான். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "ஊரான் வீட்டுப் புள்ளைய சாவடிக்கிறவரு நம்ம இயேசு இல்ல. இதுக்குத்தான்டா சேக்கல."

"அது சரிதாம்மா," என்றான் அண்ணன். "அது எனக்கும் நம்பிக்க இல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "ஆனா பாரு, பன்னெண்டு வயசுல கோயில்ல காணாமப் போயி கெடைக்கிறாரு. அப்புறம் முப்பது வயசு வரைக்கும் நம்ம பைபிள்ல ஒரு வரிகூட கதையா இல்ல. அவர் மேல பிரியமா இருந்தவங்களுக்கு அது எப்படிப் பத்தும்? அதான் எழுதிட்டாங்க."

அந்தத் தொகுப்பைப் பற்றி நான் பிறகு படித்த எதுவும் இதைவிடத் தெளிவாக அதைச் சொல்லவில்லை.

அவன் மெல்ல, சபையில் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் இராப்போஜனத்தை எடுப்பதை நிறுத்தினான். பிறகு ஆராதனைக்கு வருவதையே நிறுத்தினான். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கஃபேவில் கூட்டம் ஜாஸ்தி என்பது அவன் சொன்ன காரணம். அந்தப் புத்தகம்தான் காரணம் என்பது அம்மாவின் கட்சி. ஒருநாள், பைபிள் இருக்கும் வீட்டில் அது இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அண்ணன் வாதாடவில்லை. கஃபேவிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனான். பெரிய சண்டை எதுவும் இல்லை. ஞாயிறு சாயங்காலம் டீக்கு வருவான். பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் கிரிவலக் கூட்டத்துக்காக ரோட்டை அடைத்துவிடுவார்கள். அன்று மட்டும் வரமாட்டான். வரும்போது புத்தகம் இருக்கும் பையை வண்டி ஹேண்டில்பாரிலேயே மாட்டிவிட்டு உள்ளே வருவான். அம்மா வாசலை எட்டிப் பார்த்து, பை வெளியேதான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு தட்டு எடுத்து வைப்பாள். பதினொரு மாதம் இப்படிப் போயிற்று.

ஒரு விடியற்காலை, ரொட்டி போடக் கிளம்பியவனை செங்கம் ரோட்டில் லாரி இடித்தது. மருத்துவமனையில் அவன் பையைக் கொடுத்தார்கள். போன் சார்ஜர், மாவுக்கறை படிந்த ஏப்ரன், அந்தப் புத்தகம். அம்மா அதைப் பார்த்தாள்.

அந்தப் புத்தகத்துக்காக மகனை வெளியே அனுப்பியவள்தான், இப்போது எங்கள் பைபிளில் இல்லாத வேறொரு புத்தகத்தை மேசைமேல் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

கத்தோலிக்க பைபிளைக் கொடுத்தவர், அம்மாவோடு அரசு அலுவலகத்தில் வேலை செய்யும் கீழ்பென்னாத்தூர் ஆன்ட்டி. மறுநாள் மாலை அம்மாவைக் கூட்டிவரப் போனபோது பஸ் நிறுத்தத்தில் அவரைப் பிடித்துக் கேட்டேன்.

"நான் ஒண்ணும் உங்கம்மாவ மாத்தலம்மா," என்றார். "சாப்புடும்போது அழுதாங்க. எங்க மாமனாருக்கு நெனவுப் பூச வெச்சோம்னு பேச்சுக்குச் சொன்னேன். செத்தவங்களுக்கு எப்படின்னு கேட்டாங்க. எங்க பைபிள்ல இருக்குதுன்னேன். இல்லவே இல்லன்னு சண்ட. மறுநாள் கொண்டாந்து காமிச்சேன்."

"அது பைபிள்ல இல்ல," என்றாள் அம்மா. "நீங்க ஜாஸ்தியா சேத்துக்கினது."

"எங்களுது ஜாஸ்தி இல்லக்கா, உங்களுதுதான் கம்மி. எழுபத்தி மூணு புஸ்தகம் குடுத்தா, ஏழு வேணாம்னு திருப்பி அனுப்பினவங்க உங்க ஆளுங்க."

"பரலோகத்துல வந்து எண்ணிக் காட்டுங்க."

"காட்றேன். இப்ப பஸ்ஸு வந்துடுச்சு."

அந்தப் பகுதி எந்த இடத்தில் என்று அம்மா ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்திருந்தாள். வீட்டில் எனக்குப் படித்துக் காட்டினாள். நடுவில் நிறுத்தி, "கர்த்தர்னு போடல, ஆண்டவர்னுதான் போட்டிருக்குது. படிக்கும்போது வேற யார் வீட்டுக்கோ போன மாதிரி இருக்குது," என்றாள். பழைய காலத்து யூதப் போர் ஒன்றின் கதை அது. போரில் விழுந்தவர்களை அடக்கம் பண்ணப் போகிறார்கள். ஒவ்வொருவர் உடைக்குள்ளும் வேறு தெய்வத்தின் தாயத்து இருக்கிறது. வைத்திருக்கவே கூடாத பொருள். பார்த்தவர்கள் அந்தப் பிணங்களை விட்டுவிட்டுப் போகவில்லை. அவர்களுடைய பாவம் மன்னிக்கப்பட வேண்டும் என்று அங்கேயே நின்று மன்றாடுகிறார்கள். தலைவன் அவர்களுக்காகப் பலி செலுத்த எருசலேமுக்கு ஆள் அனுப்புகிறான்.

"துணிக்குள்ள இருந்துச்சு," என்றாள் அம்மா. "இவனுக்குப் பையில."

டிக்கெட்டை அதே இடத்தில் செருகி மூடினாள்.

"உங்கப்பா செத்தப்ப எனக்கு இப்படிக் கேக்கணும்னு தோணல. அவரு கர்த்தர்ட்ட போனாரு. எனக்குத் தெரியும். இவன் எங்க போனான்னு தெரியலடி. நான்தானே வெளிய அனுப்பினேன்."

பிறகு அவள் என்னிடம் கேட்டாள். "எந்தக் காயிதம் செல்லும், எது செல்லாதுன்னு சொல்றதுதானே உன் வேல? பாத்துச் சொல்லு. இந்தப் புஸ்தகத்த நம்பி என் புள்ளைக்கு ஜெபிக்கலாமா, கூடாதா? நீ சொல்ற வரைக்கும் ஜெபிக்க மாட்டேன். தப்பான ஜெபம் பண்ணி அவனுக்கு இன்னும் கெடுதல் பண்ணிடக் கூடாது."

என் வேலை அதுதான். மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் ஆவணக் கட்டுப்பாடு. பெரும்பாலும் வீட்டிலிருந்தே பார்க்கிறேன். எங்களிடம் வரும் எந்த ஆவணமும் மூன்று முத்திரைகளில் ஒன்றோடுதான் வெளியே போகும்: அங்கீகரிக்கப்பட்டது, பார்வைக்கு மட்டும், திரும்பப் பெறப்பட்டது. பார்வைக்கு மட்டும் என்று முத்திரை குத்தியதைத் தொழிற்சாலையில் யாரும் படிக்கலாம். அதை நம்பி ஒரு திருகைக்கூடத் திருகக் கூடாது.

நான் ஒரு அட்டவணை போட்டேன். யார் எழுதியது, எப்போது, யாரெல்லாம் ஏற்றார்கள், யார் மறுத்தார்கள், ஏற்றுக்கொண்ட மற்ற புத்தகங்களோடு ஒத்துப்போகிறதா. கடைசிக் கட்டம்: முடிவு.

அந்த ஏழும் ஆதிச் சபைகள் படித்த கிரேக்கப் பிரதிகளில் இருந்தன. யூதர்கள் காத்துவந்த எபிரேய வரிசையில் இல்லை. பழைய ஆசிரியர்களுக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி. எங்கள் சபைப் பிரிவைத் தொடங்கியவர்கள் அவற்றைத் தூக்கி எறியவில்லை. இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவில் தனியாக அச்சிட்டு, வாசிக்க நல்லது, உபதேசத்துக்கு அடிப்படையாகாது என்றார்கள். பிறகு வந்த அச்சுகளில் அந்த நடுப்பகுதியே காணாமல் போயிற்று. எங்கள் கைக்கு வந்த தமிழ் பைபிள் அது இல்லாமல் வந்தது. ஆக, நாங்கள் மறுத்தோம் என்பதுகூட முழுச்சரியில்லை. என் தலைமுறைக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

இன்னும் சிக்கலாக ஒன்று. புதிய ஏற்பாட்டின் கடைசிக்கு முந்தைய சிறு நிருபம், எங்கள் பைபிளிலும் கத்தோலிக்க பைபிளிலும் இல்லாத ஒரு பழைய எழுத்திலிருந்து மேற்கோள் காட்டுகிறது. ஆப்பிரிக்காவில் ஒரு பழைமையான சபை மட்டும் அந்த எழுத்தையே வேதமாக வைத்திருக்கிறது. ஒரே ஆவணம், வேறு வேறு இடங்களில் வேறு வேறு முத்திரை. என் அலுவலகத்தில் இப்படி நடந்தால் தணிக்கைக்காரர் உற்பத்தியை நிறுத்திவிடுவார். சபைகள் இத்தனை நூற்றாண்டுகளாக இதோடு வாழ்ந்துவருகின்றன.

எங்களுடைய புத்தகங்களுக்கு உள்ளேயே ஒன்று கிடைக்குமா என்று தேடினேன். ஒரு நிருபத்தில் அப்போஸ்தலர் தமக்கு உதவிய ஒரு மனிதனுக்கு, நியாயத்தீர்ப்பு நாளில் இரக்கம் கிடைக்கட்டும் என்று கேட்கிறார். அந்த மனிதனின் வீட்டாரைப் பற்றித் தனியாகச் சொல்வதால், அவன் அப்போது உயிரோடு இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். இருந்தான் என்று மற்றவர்கள். கட்டத்தில் "உறுதியில்லை" என்று எழுதினேன். "ஆதாரம் உண்டு" என்று எழுத எனக்கு அவ்வளவு ஆசை.

அந்த ஆசைக்குக் காரணம் இருந்தது. அம்மா தினமும் காலை ஐந்து மணிக்குச் சமையலறையில் வாய்விட்டு ஜெபிப்பாள். பாதித் தூக்கத்தில் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். மாமாக்கள், சித்திகள், ஆபீஸில் இருப்பவர்கள் என்று ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையின் நடுவில் அண்ணன் பெயர் பதினான்கு மாதமாக இருந்திருக்கிறது. அது உபதேசத்துக்கு விரோதம் என்று எனக்கு உறைக்கவே இல்லை. வீட்டில் வேறு எப்போதும் நாங்கள் அவன் பெயரைச் சொல்வதில்லை, இருவராலும் முடியவில்லை. என்னிடம் கேள்வியை ஒப்படைத்த மறுநாளிலிருந்து அம்மா அந்தப் பெயரை விட்டுவிட்டாள். அந்த இடம் வரும்போது ஒரு மூச்சு அளவுக்கு நிற்பாள். பிறகு அடுத்த பெயர். நான் கூடாது என்று சொன்னால், அவன் பெயர் எங்கள் வீட்டில் இனி ஒலிக்காது.

மூன்றாவது வாரம் அவன் வேலை செய்த கஃபேவுக்குப் போனேன். எதற்கு என்று கேட்டால், அந்தப் பதினொரு மாதத்துக்காக என்றுதான் சொல்ல வேண்டும். வாரத்துக்கு ஒரு டீயை மட்டும்தான் நாங்கள் பார்த்தோம். மற்ற நாள் அவன் என்ன சாப்பிட்டான், யாரோடு சிரித்தான், எதுவும் எனக்குத் தெரியாது. கஃபே நடத்துபவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு உட்காரவைத்தார்.

"உங்க அண்ணன் மாதிரி இன்னொருத்தன் கெடைக்கலம்மா. மாவுல கை வைக்கிறதுக்கு முன்னாடி கண்ண மூடி ஜெபம் பண்ணிட்டுத்தான் தொடுவான்."

"தினமுமா?"

"தினமும்."

"நீங்க பாத்தீங்களா?"

கொஞ்சம் தடுமாறினார். "நான் எட்டு மணிக்குத்தான் வருவேன். அவன் நாலரைக்கே மாவு பெசைஞ்சிடுவான். ஆனா அப்படிப்பட்ட புள்ளைதாம்மா அவன்."

வெளியே வந்து வண்டியை எடுக்காமல் வெகுநேரம் நின்றேன். ஒரே சாட்சி. நேரில் பார்க்காதவர். எனக்கு ஆறுதல் சொல்ல நினைப்பவர். இதை யார் கொண்டுவந்திருந்தாலும் நான் திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனாலும் அந்தக் காட்சியை மனத்திலிருந்து எடுக்க முடியவில்லை: விடியாத சமையலறை, மாவுப் பாத்திரம், கண்ணை மூடி நிற்கும் அண்ணன். ஒருவர்மேல் பிரியம் வைத்தவர்கள், பார்க்காத வருடங்களை எப்படி எழுதி நிரப்பியிருப்பார்கள் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் பொய்யர்கள் இல்லை. அதனாலேயே அவர்கள் எழுதியது உண்மையாகிவிடவும் இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒரு ஆவணம் யாருக்குத் தேவையோ, அவரே அதை அங்கீகரிக்கக் கூடாது. அட்டவணையை மறுபடி திறந்தபோது அந்த விதிதான் நினைவுக்கு வந்தது. இந்தப் புத்தகம் அம்மாவுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு எனக்கும் தேவை.

அன்று மாலை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நம் சபை வைத்த முத்திரை, வாசிக்கலாம், உபதேசம் கட்டக் கூடாது. அந்த முத்திரையை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. ஆசை இருக்கிறது, ஆசை இருப்பதாலேயே என் முடிவை நம்ப வேண்டாம். கஃபேக்காரர் சொன்னதையும் சொன்னேன், அவர் பார்க்கவில்லை என்பதோடு சேர்த்து.

அம்மா அதைத்தான் முதலில் எடுத்துக்கொண்டாள். "ஆறுதலுக்குச் சொல்லியிருப்பாரு. வீட்லயே சாப்பாட்டுக்கு ஜெபம் பண்ணுடான்னா பாதில கண்ணத் தொறந்து அப்பளம் எடுப்பான்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. அவன் இறந்த பிறகு அவனைப் பற்றி நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் முறை.

"அப்ப முடிவா ஒண்ணும் சொல்ல மாட்ட," என்றாள்.

"சொல்ல முடியலம்மா."

"கூடாதுன்னும் சொல்லல."

"கூடாதுன்னு தெரிஞ்சா சொல்லியிருப்பேன்."

மேசையில் இருந்த இரண்டு பைபிள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். "சரி. உனக்கும் தெரியல, பாஸ்டருக்கும் தெரியல. தெரிஞ்சவருகிட்டயே கேட்டுக்கறேன். தப்புன்னா என்னத்தானே கண்டிப்பாரு. அவன இல்லியே."

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. அம்மா மறுபடி காலையில் அண்ணனுக்காக ஜெபிக்கிறாள். சபையில் அதைக் கேட்பதில்லை. போதகரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள், அவர் சரி என்றும் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. ஆன்ட்டியின் பைபிள் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. என் அட்டவணையில் முடிவு என்ற கட்டம் காலியாக இருக்கிறது. அம்மா ஜெபிக்கும்போது இப்போது நானும் எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்காருகிறேன். அவனுக்காக எதையும் கேட்க எனக்கு இன்னும் துணிவில்லை. அவன் பெயரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.